தலைதீபாவளிக்கு ஒரு கீஸர்

அக்டோபர் 29, ஞாயிறு

கீஸர் வந்துவிட்டது. காஸில் ஓடுவது. குளியலறைச் சுவரில் வெள்ளை வெளேரென்று, பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மாதிரி விறைப்பாக இருக்கிறது.

இதுவரை எங்கள் வீட்டில் வெந்நீர் என்பது சமையலறைக் குண்டானில் காய்ந்து, துளசிமணியின் திட்டோடு குளியலறைக்கு வந்து சேரும் பொருள். துளசிமணி என் மனைவி. திட்டுக்குத் தனியாகக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆவணியில் மகள் மிருதுளாவின் கல்யாணம் முடிந்திருக்கிறது. இது தலைதீபாவளி. மாப்பிள்ளை தருணுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஈரோட்டில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் வெந்நீர். அப்படிப்பட்டவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு துண்டோடு நிற்க, மாமனார் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன மரியாதை மிஞ்சும்? கரண்டு கீஸர் வாங்கலாம் என்றாள் துளசி. ஐப்பசி மழையில் கோயமுத்தூரில் எங்கள் அபார்ட்மெண்டில் கரண்டு இருப்பதே ஒரு விசேஷம். ஆகவே காஸ்.

மாட்டியவர்கள் போன பிறகு பார்த்தால் முகப்பில் மஞ்சளாக ஒரு ஸ்டிக்கர், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பரிசுப் பொருளில் விலைச்சீட்டை விட்டுவைத்தது போல் அசிங்கமாக இருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். கூட வந்த புத்தகம் பெட்டியோடு பரண் மேல் ஏறிவிட்டது.

குழாயைத் திறந்தால் உள்ளே டப்பென்று தீ பற்றி, அடுத்த நொடி கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். நான் குளிக்கப்போவதில்லை. வெந்நீர் பட்டால் மீசைச் சாயம் இறங்கும். எனக்கு வயது ஐம்பத்து நான்கு, மீசைக்கு முப்பத்தைந்து.

அக்டோபர் 31, செவ்வாய்

எங்கள் குளியலறைக்கும் எதிர் ஃபிளாட் ரங்கநாயகி டீச்சரின் குளியலறைக்கும் நடுவே ஒரு டக்ட் கீழிருந்து மேலே போகிறது. காற்றுக்கென்று கட்டினார்கள். எனக்கு அது ரேடியோ. இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு நாலு வீட்டு சேதி தெரிந்திருந்தால்தான் பிழைப்பு என்று துளசியிடம் சொல்வேன். அவள் நம்புவதில்லை. நானும் நம்பிச் சொல்வதில்லை.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது டீச்சர் போனில் யாரிடமோ பேசியது, கண்ணாடிப் பலகை சன்னல் வழியாகத் தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

"நம்ம சென்னியப்பன் சம்மந்தியம்மா இருக்கறாங்கள்ல, ஈரோட்டுக்காரங்க, சரியான கஞ்சமாமா. ஆரஞ்சு உரிச்சா தோலக் கூடப் பைக்குள்ள போட்டுக்குவாங்களாம். அவரே சொல்றாருங்க."

சென்னியப்பன் என்பது நான்தான். நாக்கில் பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. யார் சொன்னார்களாம் இதையெல்லாம்? மனிதர்களுக்கு வாய் ரொம்ப நீளம்.

இரண்டு வாரத்தில் அந்த அம்மாளின் மகன் இதே சன்னலுக்குக் கீழே நின்று குளிக்கப்போகிறார்.

நவம்பர் 1, புதன்

குளியலறைச் சன்னலை அடைத்தாயிற்று. புது வருட வாழ்த்துக்காக அடித்த ஃபிளெக்ஸ் ஒன்று மிச்சமிருந்தது. கைகூப்பிச் சிரிக்கும் என் படம் போட்டது. மடித்து, சுற்றிலும் பிளாஸ்டிக் டேப் ஒட்டி, ஒரு ஊசி நுழையாமல் செய்துவிட்டேன். வெள்ளைப் பக்கம் உள்ளே, சிரிப்பு டீச்சர் பக்கம்.

"எதுக்குங்க இது? ஈரமே காயாதே" என்றாள் துளசி.

"மாப்பிள்ளைக்கு வாடைக்காத்து ஆகாது" என்றேன்.

நவம்பர் 3, வெள்ளி

மிருதுளா நேற்றே வந்துவிட்டாள். தீபாவளி வரைக்கும் இங்கிருந்தே லேப்டாப்பில் வேலை. மாப்பிள்ளை அடுத்த வெள்ளி வருகிறார்.

இன்று அவளுக்கு எண்ணெய்க் குளியல். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. சீயக்காய் போட்டு அலசி முடிப்பதற்குள் நான் இரண்டு பாலிசி பேசி முடித்துவிடலாம். வெளியே வந்தவள் தலையைக்கூடத் துவட்டாமல் சோபாவில் சாய்ந்தாள்.

"தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுப்பா. கிறுகிறுன்னு வருது."

"எண்ண தேச்சா அப்படித்தான் கண்ணு அசத்தும். தூங்கிப் போடாத" என்றாள் துளசி. அவளுக்கு இன்னும் கீஸர் மேல் நம்பிக்கை வரவில்லை. தனக்கு மட்டும் குண்டானில்தான் தண்ணீர் காய வைத்துக்கொள்கிறாள். பத்து வீட்டு வேலை செய்தவள் மாதிரி மகள் கிடக்க, அம்மா பம்பரமாகச் சுழல்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் உடம்பு.

சாப்பிட்டதும் மிருதுளா வாந்தி எடுத்தாள்.

துளசியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமாகி மூன்றாம் மாதம். துளசி சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தாள்.

நான் டீச்சரிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் சொன்னேன்.

நவம்பர் 5, ஞாயிறு

மூவரும் துணி எடுக்கக் கடைவீதிக்குப் போனோம். காலையில் குளித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்த பெண், அங்கே போனதும் மூன்று மாடி ஏறி இறங்குகிறாள், முறுக்குச் சாப்பிடுகிறாள், அம்மாவை விட்டு முன்னால் நடக்கிறாள்.

"வேலைன்னா தலைவலி, சீலைன்னா சரியாப் போயிருது" என்றாள் துளசி.

"வீட்டுக்குள்ள இருந்தாத்தாம்மா ஒரு மாதிரி இருக்குது."

"அப்பன் மொகத்தயே பாத்துட்டிருந்தா அப்படித்தான் இருக்கும்."

கடைக்காரர்கூடச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நவம்பர் 7, செவ்வாய்

மறுபடியும் எண்ணெய்க் குளியல், மறுபடியும் வாந்தி. இம்முறை குளியலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. துளசி மாங்காய் நறுக்கிக் கொடுத்தாள். மிருதுளா அதை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு, மருந்துக் கடையில் வாங்கிவந்த சோதனைப் பட்டையை நீட்டினாள்.

"பாத்துட்டேன். ஒண்ணுமில்ல. ஊரெல்லாம் சொல்லிப்போடாதீங்க."

"அந்தக் குச்சிக்கு என்ன தெரியும்" என்றாள் துளசி.

சாயங்காலம் ஈரோட்டிலிருந்து போன். சம்பந்தியம்மாள் சாந்தாமணி.

"ஏனுங்ணா, எத்தன பெரிய சந்தோசம். எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா? வெளி ஆளு மூலமாத் தெரிஞ்சுக்கிட்டனுங்க. குலதெய்வத்துக்குத் துட்டு முடிஞ்சு வெச்சுட்டேன்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்டு என்று சொல்லத்தான் அது பழகியிருக்கிறது.

மிருதுளா என்னோடு பேசவில்லை. தலைவலி என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 10, வெள்ளி

மாப்பிள்ளை வந்தார். பட்டாசுப் பெட்டி, இனிப்புப் பெட்டி, அம்மா கொடுத்தனுப்பிய குங்குமப்பூ. குங்குமப்பூவை மிருதுளா பார்த்த பார்வையில் நான் பால் வாங்குவதாகச் சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன்.

அவள் இளைத்திருப்பதாக மாப்பிள்ளை துளசியிடம் சொல்லியிருக்கிறார். "இங்க வந்து இளைச்சிருக்கறா அத்தை" என்றாராம். அந்த 'இங்க'தான் குத்துகிறது.

நவம்பர் 11, சனி

இதை வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை ஆம்பளைகள் எண்ணெய் தேய்க்கும் நாள். மாப்பிள்ளை காலையில் ஓடிவிட்டு வந்து பச்சைத்தண்ணீரில் குளித்துக்கொண்டார், எண்ணெய் நாளைக்குத்தானாம். சரி, வீட்டுத் தலைவனாவது சம்பிரதாயத்தைக் காப்பாற்றுவோம் என்று நான் உள்ளே போனேன். மீசை போனால் போகட்டும் என்று முதல்முறையாகக் கீஸர் தண்ணீர். சொர்க்கம். கதவைச் சாத்திக்கொண்டு, பிசுக்குப் போகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

பாதியில் நெற்றிப்பொட்டு இரண்டும் துடித்தன. சோப்பு கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தது ஞாபகம் இருக்கிறது, குனிந்தது ஞாபகம் இல்லை. முழங்கால் இரண்டும் என்னுடையவை அல்ல என்பது மாதிரி மடிந்தன. எப்படியோ தாழ்ப்பாளைத் தடவித் திறந்து, துண்டோடு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, மாப்பிள்ளை பால்கனியில் இருந்தார்.

"என்னங்க, தரையில உக்காந்திருக்கறீங்?" என்றாள் துளசி.

"குளிர்ச்சியா இருக்குது" என்றேன்.

பிரஷராக இருக்கும். தீபாவளி முடிந்ததும் பார்க்க வேண்டும். சர்க்கரையாகவும் இருக்கலாம். இன்று முழுதும் தலைக்குள் யாரோ சம்மட்டி அடிக்கிறார்கள். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்த வீட்டில் மாமனார் மயங்கி விழுந்தார் என்று டீச்சர் டக்டில் பேசுவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. கேட்கவும் முடியாது, சன்னல்தான் அடைத்திருக்கிறதே.

நவம்பர் 12, தீபாவளி

ஆஸ்பத்திரி.

நவம்பர் 13, திங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலி. உள்ளே மிருதுளா. டைரி என் இன்சூரன்ஸ் பையிலேயே கிடந்தது.

நேற்று விடியும் முன்பே எழுந்தோம். துளசி இருவரையும் மணையில் உட்காரவைத்து எண்ணெய் வைத்தாள். மாப்பிள்ளை முதலில் குளிக்கப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்று, "நல்லாத் தாராளமாக் குளிங்க மாப்பிள்ளை, தண்ணி தீராது" என்று சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். அவரும் தாராளமாகவே குளித்தார். அவர் வெளியே வந்த சூட்டோடு மிருதுளா உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

வெளியே சரவெடி. பக்கத்தில் நிற்பவர் பேசினாலே கேட்காத சத்தம். துளசி சமையலறையில் வடைக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் புது வேட்டியில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, வெடி விடலீங்களா?"

"தல சுத்துது மாமா. ஒரு மாதிரி..." என்றவர் அப்படியே தொட்டிச் செடியில் வாந்தி எடுத்தார்.

எனக்கு உடனே ஒரு நகைச்சுவை வந்தது. எனக்கு எப்போதும் வரும். "ஏனுங் மாப்பிள்ளை, உங்களுக்கும் மசக்..."

அந்தச் சொல்லை முடிக்க முடியவில்லை. அவளுக்கு வாந்தி. முந்தின நாள் எனக்குக் கால் மடிந்தது. இப்போது இவருக்கு. மூன்று பேரும் ஒரே அறையிலிருந்து வெளியே வந்தவர்கள். துளசி ஒருத்திதான் அங்கே குண்டான் தண்ணீரில் குளிக்கிறாள், துளசிக்கு ஒன்றுமே இல்லை.

ஓடினேன். கதவைத் தட்டினேன். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கீஸர் உறுமிக்கொண்டிருந்தது. "மிருது, கண்ணு, பேசு" என்றேன். வெடிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறுபடி கத்தினேன்.

"தலைக்கு ஊத்திட்டிருப்பா, நேரமாகுமுங்க" என்று சமையலறையிலிருந்து துளசி சொன்னாள்.

கதவை உடைக்க வேண்டும் என்று தெரிகிறது. கை எழவில்லை. உள்ளே வயதுப் பெண் குளித்துக்கொண்டிருக்கிறாள், நான் தகப்பன். அந்தக் கொஞ்ச நேரம் நான் அங்கே வெறுமனே நின்றேன். எத்தனை நேரம் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை வந்து என்னைத் தள்ளிவிட்டார். நிற்கவே தள்ளாடுகிற மனிதர் தோளால் இடித்தார். பிளாஸ்டிக் கதவு இரண்டாக மடிந்து உள்ளே போனது.

மிருதுளா சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். தலையில் சீயக்காய் அப்படியே இருந்தது. குழாய்த் தண்ணீர் அவள் கால் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஆவி மூட்டம். வேறு ஒன்றுமில்லை. ஒரு வாசம் இல்லை, புகை இல்லை. எந்த வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று லிஃப்டில் நின்றே சொல்லும் மூக்கு என்னுடையது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

துளசி தன் சேலையை உருவி அவள்மேல் போர்த்தினாள். மாப்பிள்ளையும் நானும் பால்கனிக்குத் தூக்கிப் போனோம். ஈரத்தலை என் தோளில் கனத்தது. மூச்சு இருந்தது. ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. துளசி கன்னத்தில் தட்டித் தட்டி, "என்ற சாமி, என்ற சாமி" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

டீச்சர் மகன் கார் எடுத்தான்.

நவம்பர் 14, செவ்வாய்

டாக்டர் அம்மா சிறு வயதுக்காரர். நேற்று முன்தினம் அவசரப் பிரிவில் நர்ஸ் மிருதுளாவின் விரலில் கிளிப் மாட்டியதும் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. "ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்குது" என்றார் நர்ஸ். எனக்கு உயிர் வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றாமல் கேட்டார், "குளிக்கறப்பவா விழுந்தாங்க? காஸ் கீஸருங்களா?"

"ஆமாங்க."

"அந்தக் கிளிப்ப நம்பாதீங்க. ரத்தம் எடுங்க, மாஸ்க் போடுங்க."

பிறகு விளக்கினார். காற்று போதாமல் காஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்று ஒன்று வருமாம். நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். விரல் கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே காட்டும். உள்ளே மூளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும். கொஞ்சமாக ஏறினால் தலைவலி, வாந்தி. எல்லோரும் அதை வேறு என்னவோ என்று நினைத்துக்கொள்வார்களாம்.

"பாத்ரூம்ல சன்னல் இல்லீங்களா?" என்றார்.

நான் செருப்பைப் பார்த்தேன்.

"இருக்குதுங்க டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "அடைச்சிருக்குதுங்க." என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார். அவருக்கும் எனக்கும்கூட ரத்தம் எடுத்துப் பார்த்து, மூக்கை மூடி ஆக்ஸிஜன் வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தோம். மாஸ்க் போட்டிருந்ததால் பேச வேண்டியிருக்கவில்லை.

இன்று மத்தியானம் அவள் கண்ணைத் திறந்தாள். துளசியை அம்மா என்றாள். மாப்பிள்ளையைப் பார்த்து அழுதாள். என்னைப் பார்த்து, "தீபாவளி எப்பப்பா?" என்று கேட்டாள்.

நவம்பர் 15, புதன்

வீட்டுக்குப் போய் ஃபிளெக்ஸைக் கிழித்தேன். டேப் நன்றாக ஒட்டியிருந்தது. வேலையில் நான் சுத்தம்.

நவம்பர் 18, சனி

மிருதுளா வீடு வந்துவிட்டாள். கீஸரை ஃபிளெக்ஸ் கிழித்த அன்றே கழற்றியாயிற்று. சுவரில் நான்கு ஓட்டை.

டாக்டர் அனுப்பும்போது ஒன்று சொன்னார். ஆபத்து தாண்டிவிட்டது. ஆனால் சிலருக்கு நன்றாகத் தேறியபிறகு, சில வாரம் கழித்து ஞாபகம் நழுவலாம், நடை தடுமாறலாம், ஆளே மாறிப்போன மாதிரி ஆகலாம். எல்லோருக்கும் வராது. வந்தால் உடனே கூட்டிவர வேண்டும். கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆகவே பார்க்கிறோம். நாங்கள் மூவரும் அவளையே பார்க்கிறோம். லேப்டாப் கடவுச்சொல் மறந்துவிட்டது. அது யாருக்கும் மறக்கும். காப்பியில் இரண்டு முறை சர்க்கரை போட்டாள். அதுவும் யாரும் செய்வதுதான். தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு என்னம்மா பேரு?" என்றாள். துளசி பேரைச் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

ஈரோட்டிலிருந்து சம்பந்தியம்மாள் வந்தார். அவரிடம் போனிலேயே மாப்பிள்ளை எல்லாம் சொல்லிவிட்டிருந்தார், குழந்தை இல்லை என்பதையும். மிருதுளாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக ஊட்டினார். தோலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

"விடுங்ணா, வெசனப்படாதீங்க" என்றார் என்னிடம். "குளிருக்குன்னு யாரோ சன்னல அடைச்சிருக்கறீங்க. நல்லதுக்குத்தான பண்றோம்."

"ஆமாங்க, குளிருக்குத்தான்" என்றேன்.

துளசி என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்காமல் விட்டது இதுதான்.

நவம்பர் 20, திங்கள்

அபார்ட்மெண்டில் வீடு வீடாக ஏறினேன். காஸ் கீஸர் வைத்திருப்பவர்கள் யார், சன்னல் திறந்திருக்கிறதா, கீஸரை வெளியே மாற்ற முடியுமா. அழைப்பு மணி அடித்ததும், "பாலிசி ஒண்ணும் வேண்டாமுங்க" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. இரண்டாவது மாடிக்காரர் கொசுவுக்காகப் பாலித்தீன் ஒட்டி வைத்திருந்தார். அவர் கண்ணெதிரே கிழித்துவிட்டு வந்தேன். கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக டீச்சர் வீடு.

"உங்க வீட்டுச் சன்னல் ஏனுங்க அடைச்சீங்க?" என்றார். "ரெண்டு வாரமா நீங்க கைகூப்பிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சிட்டே இருந்தீங்க."

"குளிருக்கு டீச்சர்."

"குளிருக்கு" என்றார் அவரும். கதவைச் சாத்தும் முன், "பாப்பாவுக்கு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை.

நவம்பர் 22, புதன்

மிருதுளா குளிக்க மறுக்கிறாள். துளசி ஈரத்துணியால் துடைத்துவிடுகிறாள். சீயக்காய் வாசம் வந்தாலே எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறாள்.

நவம்பர் 24, வெள்ளி

குண்டானில் தண்ணீர் காய்ச்சி, வாளியில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். புதுக் கதவு, தாழ்ப்பாளே வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சன்னல் விரியத் திறந்திருக்கிறது.

வாசல்வரை வந்தவள் நின்றுவிட்டாள். "அப்பா, நீங்க வெளியில உக்காந்து பேசிட்டே இருங்க. நிறுத்தக் கூடாது. நான் 'ம்' கொட்டறேன்."

"என்ன பேசறது?"

"நீங்க என்ன பேசுவீங்களோ அது."

நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அபார்ட்மெண்டுக் கதைகள் அத்தனையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து 'ம்' வந்தது. சமையலறையில் துளசியும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த 'ம்'மைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 26, ஞாயிறு

நேற்றிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. கேட்டால் தாமதமாகப் பதில் வருகிறது. மாப்பிள்ளை டாக்டரிடம் போனில் பேசினார். நாளைக்குக் கூட்டிவரச் சொன்னார்களாம். துளசி காலையிலிருந்து சாப்பிடவில்லை.

மத்தியானம் அவளாகவே வந்து, "அப்பா, தலைக்கு ஊத்தோணும். வாங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். கையிருப்பில் புதிதாக ஒன்றும் இல்லை. பி பிளாக் பொன்னுசாமியின் டோப்பா கதையை ஆரம்பித்தேன். தலையில் முடி இல்லாத மனிதர். பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் விக்கை மாட்டிக்கொண்டு பந்தியில் உட்காருகிறார்.

"ம்."

"மேல ஃபேன் ஓடுது. வேகமா ஓடுது. சம்மந்தி பக்கத்துல உக்காந்திருக்கறாரு..."

"ம்."

"இவரு சாம்பாருக்குக் குனியறாரு. காத்து தூக்குது. விக்கு அப்படியே எந்திரிச்சு..."

'ம்' வரவில்லை.

"எந்திரிச்சு, சாம்பார் வாளிக்குள்ள விழுகுது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

தண்ணீர் மொள்ளும் சத்தமும் இல்லை. சமையலறையில் ஒரு தட்டு கீழே வைக்கப்பட்டது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார். நான் எழுந்தேன். இந்தத் தடவை கை எழுந்தது, கதவில் வைத்துவிட்டேன்.

"அப்பா" என்றாள் உள்ளிருந்து.

"சொல்லு கண்ணு."

"வெள்ளிக்கெழம இந்தக் கதய சொன்னீங்க. அப்ப விக்கு மடியிலதான் விழுந்துச்சு."

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"ரசத்துக்குக் குனிஞ்சதா வேற சொன்னீங்க" என்றாள். "சாம்பார் எங்கிருந்து வந்துச்சு?"

"சாம்பார்தான் கண்ணு" என்றேன். "நான் நேர்ல பாத்தவன்."